எது நகரும், எது நிற்கும்: ஒரு டொலர் குறியின் கணக்கு

நாலு பேர் வேலை செய்யும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கல்முனைப் பக்கம் அப்படி எத்தனையோ கடைகள் உண்டு. நாலு பேருக்கும் மாதச் சம்பளம் 40,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் சம்பளத்தில் கழிப்பது 8 வீதம், முதலாளி போடுவது 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தன் கையால் இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். கணக்குப் பார்க்கும் தம்பி இந்த மூன்று வீதத்தையும் எக்செல் தாளின் மேல் பக்கத்தில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எழுதிவைக்கிறார். ஈ1இல் 8%, ஈ2இல் 12%, ஈ3இல் 3%. சம்பளங்கள் பி4 முதல் பி7 வரை. முதல் ஆளின் கழிவுக்காக சி4 கலத்தில் =பி4*ஈ1 என்று அடிக்கிறார். 3,200 வருகிறது. சரியான விடை. பிறகு கலத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்துவிடுகிறார்.

இரண்டாவது ஆளுக்கு 4,800 ரூபாய் கழிகிறது. மூன்றாவது ஆளுக்கு 1,200. நாலாவது ஆளுக்குப் பூச்சியம். மொத்தமாக 12,800 கழிய வேண்டிய இடத்தில் 9,200தான் கழிந்திருக்கிறது.

(கலங்களின் பெயரை இங்கே தமிழில் எழுதுகிறேன். கீபோர்டில் ஆங்கில எழுத்தையே தட்டுங்கள்.)

நாலு பேருக்கும் ஒரே சம்பளம் என்பதால் இந்தப் பிழை கண்ணில் படுகிறது. ஆளுக்கொரு சம்பளமாக, ஐம்பது பேர் கொண்ட பட்டியலாக இருந்தால்? முதல் வரியைச் சரிபார்த்துவிட்டு மீதியை நம்பிப் போகிறவர்கள்தான் அதிகம். கணினி ஒரு எச்சரிக்கையும் தராது. கேட்ட பெருக்கலைச் சரியாகவே செய்திருக்கிறது. எந்த எண்ணோடு பெருக்க வேண்டும் என்பதில்தான் கோளாறு. இந்தக் கோளாறு ஒருவரின் ஓய்வுகாலப் பணத்தில் கை வைக்கிறது. அதனால்தான் எக்செல் பாடத்திலேயே எனக்கு மிக முக்கியமாகப் படும் இந்த ஒரு விஷயத்தைப் பற்றி நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நடந்தது என்ன? =பி4*ஈ1 என்று நாம் எழுதியதை எக்செல் வேறு விதமாக மனதில் வாங்கிக்கொள்கிறது. “எனக்கு இடப்பக்கம் உள்ள கலத்தை, எனக்கு இரண்டு நிரல் வலமாகவும் மூன்று நிரை மேலாகவும் உள்ள கலத்தால் பெருக்கு.” சூத்திரத்தை ஒரு நிரை கீழே நகலெடுத்தால் இந்த வழிகாட்டலும் அப்படியே கூட வருகிறது. மூன்று நிரை மேலே என்பது இப்போது ஈ1 அல்ல, ஈ2.

எங்கள் கரையோரத்தில் இதைச் சொல்லிக்கொடுப்பது மிகச் சுலபம். வடக்கிலிருந்து தெற்காகக் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று பிரதான வீதியில் ஊர்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. சாய்ந்தமருதில் நின்று ஒருவர் “தெற்கே அடுத்த ஊர்” என்றால் அது காரைதீவு. அதே சொல்லைக் காரைதீவில் நின்று சொன்னால் நிந்தவூர். சொல் மாறவில்லை, நிற்கும் இடம் மாறியதால் ஊர் மாறிவிட்டது. ஆனால் “காரைதீவுச் சந்தி” என்று சொன்னால் கல்முனையில் நின்று சொன்னாலும் அக்கரைப்பற்றில் நின்று சொன்னாலும் அம்பாறை வீதி பிரிகிற அந்தச் சந்திதான். முதலாவது சார்பு முகவரி, இரண்டாவது மாறா முகவரி. வகுப்பில் இதைச் சொன்னதும் பிள்ளைகள் தங்கள் தங்கள் ஊரை வைத்துச் சொல்லிப் பார்ப்பார்கள், அதோடு பாதிப் பாடம் முடிந்தது.

மீதிப் பாதி டொலர் குறி. அமெரிக்கக் காசுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இது ஒரு ஆணி. எழுத்துக்கு முன்னால் அடித்தால் நிரல் அசையாது, எண்ணுக்கு முன்னால் அடித்தால் நிரை அசையாது. $ஈ$1 என்றால் இரண்டும் நிற்கும். அந்தத் தம்பியின் சூத்திரம் =பி4*$ஈ$1 என்று இருந்திருந்தால் கீழே இழுக்கும்போது பி4, பி5, பி6 என்று சம்பளம் மட்டும் நகர்ந்திருக்கும், 8 வீதம் தன் இடத்தில் இருந்திருக்கும். குறியைக் கையால் அடிக்கவும் தேவையில்லை. சூத்திரத்தில் அந்த முகவரியின் மேல் கர்சர் இருக்கும்போது எஃப்4 விசையை அழுத்துங்கள். முதல் தரம் அழுத்தினால் $ஈ$1, பிறகு ஈ$1, பிறகு $ஈ1, பிறகு பழையபடி ஈ1. சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மேக் கணினியில் கமாண்ட் விசையோடு டி (T).

சார்பு முகவரியை யாரும் குறைவாக நினைக்கக் கூடாது. ஒரு சூத்திரத்தை ஒரு தரம் எழுதி ஆயிரம் நிரைக்கு இழுத்துவிட முடிகிறது என்றால் அது இந்த நகர்வால்தான். இது இல்லாவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருப்போம், விரிதாளுக்கும் கல்குலேட்டருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. நகர வேண்டியது நகர வேண்டும், நிற்க வேண்டியது நிற்க வேண்டும். எது எது என்று சொல்வது நம் வேலை, இயந்திரத்துக்கு அது தெரிய வழியில்லை.

“இவ்வளவு எதுக்கு சேர்? சூத்திரத்துக்குள்ளயே எட்டு வீதம் எண்டு எழுதிட்டா முடிஞ்சிதே?” என்று கேட்கும் பிள்ளை எப்போதும் வகுப்பில் இருக்கும். நல்ல கேள்வி. அதற்கு என் பதில் பெறுமதி சேர் வரியின் கதை. 2019 டிசம்பரில் அந்த வரி 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2022 ஜூனில் 12 ஆனது. அதே ஆண்டு செப்டெம்பரில் 15. 2024 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து 18. 2,500 ரூபாய்ப் பொருளுக்கு 200 ரூபாயாக இருந்த வரி நாலே ஆண்டுகளில் 450 ஆகிவிட்டது. விலைப்பட்டியலில் ஒவ்வொரு சூத்திரத்துக்குள்ளும் 8% என்று புதைத்துவைத்தவர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தாள் முழுவதையும் தோண்ட வேண்டியிருந்தது, ஒன்றிரண்டு தப்பிவிட்டால் ஒரே கடையில் இரண்டு வரி ஓடும். வீதத்தை ஒரு கலத்தில் வைத்து, $ போட்டுச் சுட்டியவர் ஒரே ஒரு எண்ணை மாற்றிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பார். வீதங்கள் இப்படி மாறும் நாட்டில் இருக்கும் நமக்கு இந்தப் பழக்கம் மற்றவர்களைவிட அதிகம் தேவை.

இப்போது பாடசாலைக்கு வருவோம். சம்பளப் பிழையைவிட என்னை அதிகம் உறுத்துவது இதுதான். வகுப்பில் நாற்பது பிள்ளைகள், மொத்தப் புள்ளிகள் பி2 முதல் பி41 வரை. நிலை போட வேண்டும். அதற்கு எக்செல்லில் ரேங்க் என்ற செயற்பாடு இருக்கிறது, ஒரு புள்ளியையும் ஒரு பட்டியலையும் கொடுத்தால் அந்தப் பட்டியலில் அந்தப் புள்ளி எத்தனையாவது என்று சொல்லும். ஆசிரியர் முதல் பிள்ளைக்கு =ரேங்க்(பி2,பி2:பி41) என்று எழுதிக் கீழே இழுக்கிறார். இரண்டாவது பிள்ளைக்குப் பட்டியல் பி3:பி42 ஆகிறது, மூன்றாவது பிள்ளைக்கு பி4:பி43. அதாவது ஒவ்வொரு பிள்ளையும் தனக்குக் கீழே பெயர் உள்ளவர்களோடு மட்டும் ஒப்பிடப்படுகிறது. மேலே உள்ளவர்கள் பட்டியலை விட்டு ஒவ்வொருவராக வெளியேறிவிடுகிறார்கள். கடைசிப் பிள்ளையின் பட்டியலில் அந்தப் பிள்ளை மட்டும்தான், மீதியெல்லாம் வெறும் கலங்கள். வெறும் கலங்களை ரேங்க் கணக்கில் எடுக்காது. ஆகவே இடாப்பில் கடைசிப் பெயர் யாருடையதோ அவர் எப்போதும் ஒன்றாம் பிள்ளை.

திரையில் பிழைச் செய்தி எதுவும் வராது. எல்லாக் கலத்திலும் ஒழுங்கான எண்கள். முதல் பிள்ளையின் நிலை சரி, அதனால் சரிபார்த்தவரும் திருப்தியோடு போய்விடுவார். யாருக்கும் உண்மை நிலையைவிடக் கூடாத நிலை வராது, எல்லோருக்கும் ஒன்று சரியான நிலை, இல்லையென்றால் அதைவிட நல்ல நிலை. அதனால் முறையிட்டு வரும் பெற்றோரும் குறைவு. ஆனால் ஒன்றாம் பிள்ளையாக வந்த ஒரு பிள்ளையின் இடத்தில் இன்னும் மூன்று பேர் நிற்கிறார்கள். பி$2:பி$41 என்று இரண்டு டொலர் குறி போட்டிருந்தால் இத்தனையும் வந்திருக்காது. கீழ்நோக்கி மட்டுமே இழுப்பதால் நிரையை நிறுத்தினாலே போதும். பெறுபேற்று அட்டையில் நிலை எழுதும் எந்த ஆசிரியரும் இதை ஒரு தரம் திறந்து பார்க்க வேண்டும். விலைப்பட்டியலில் பொருளைத் தேட வி-லுக்அப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே நோய்தான். தேடும் பட்டியல் கீழே வழுகிப் போய்விடும், பட்டியலின் மேல் பக்கத்தில் இருந்த பொருள்கள் “இல்லை” என்று வரும். அங்கே பிழைச் செய்தியாவது வருகிறது.

பாதி ஆணி அடிப்பதற்கு இன்னும் அழகான பயன் ஒன்று உண்டு. சங்கக் கணக்கில் மாதச் சந்தா சி2 முதல் கீழே எழுதப்பட்டிருக்கிறது. இதுவரை சேர்ந்த தொகையை ஒவ்வொரு வரியிலும் காட்ட வேண்டும். டி2இல் =சம்($சி$2:சி2) என்று எழுதி இழுங்கள். தொடக்கம் நிற்கும், முடிவு நகரும். அடுத்த வரியில் $சி$2:சி3, அதற்கடுத்து $சி$2:சி4. ஒரே சூத்திரத்தில் ஒரு காலை ஊன்றி மறு காலை எடுத்து வைக்கிற இந்த வழியைக் கற்ற நாளில்தான் பலருக்கு இந்தப் பாடம் முழுதாகப் பிடிபடுகிறது.

உயர்தரம் எழுதும் பிள்ளைகளுக்கு நான் வேறொரு உதாரணம் வைத்திருக்கிறேன், இசட் புள்ளி. இந்த நாட்டில் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களை 2001 முதல் தீர்மானிக்கும் எண் அது. கணக்கு சிறியது. பிள்ளையின் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுக்க வேண்டும். 70 எடுத்த பிள்ளை, இடை 55, நியம விலகல் 10 என்றால் 1.5. மூன்று பாடங்களின் புள்ளிகளும் பி, சி, டி நிரல்களில் இருக்கட்டும். அந்தந்த நிரலின் உச்சியில் முதலாம் நிரையில் இடை, இரண்டாம் நிரையில் நியம விலகல். ஐந்தாம் நிரையில் உள்ள முதல் பிள்ளைக்கு எஃப்5இல் =(பி5-பி$1)/பி$2 என்று எழுதுங்கள். வலப்பக்கம் இழுத்தால் சி5-சி$1 என்று பாடம் மாறும், கீழே இழுத்தால் பிள்ளை மட்டும் மாறும், பாடத்தின் இடை மாறாது. ஒரே ஒரு சூத்திரம் முழுத் தாளையும் நிரப்பிவிடுகிறது. இங்கே $பி$1 என்று இரண்டு ஆணியும் அடித்தால் இரசாயனவியல் புள்ளியிலிருந்து பௌதிகவியலின் இடையைக் கழித்துக்கொண்டிருப்போம். ஆணி குறைந்தாலும் பிழை, கூடினாலும் பிழை.

எந்த இடையை நிறுத்துவது என்ற கேள்வி எவ்வளவு பெரியது என்பதை இந்த நாடு 2011இல் பார்த்தது. அந்த ஆண்டு உயர்தரப் பரீட்சையை ஒரு பகுதியினர் பழைய பாடத்திட்டத்திலும் மற்றவர்கள் புதிய பாடத்திட்டத்திலும் எழுதினார்கள். இசட் புள்ளி கணக்கிடப்பட்ட முறையில் இரு சாராரையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள் என்று வழக்குப் போடப்பட்டது. 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அந்தக் கணிப்பை இரத்துச் செய்து, இரண்டையும் வெவ்வேறு குழுவாகக் கொண்டு திரும்பக் கணக்கிடச் சொன்னது. டொலர் குறி தவறிய கதை அல்ல இது, ஆனால் அதற்குள் இருக்கும் கேள்வி அதேதான்: இந்தப் பிள்ளையின் புள்ளியை எதோடு ஒப்பிடுகிறோம்? அந்த முடிவை எடுத்த பிறகுதான் சூத்திரம். ஒரு வருடக் காத்திருப்பு எத்தனை வீடுகளைக் கலக்கியது என்பது அந்த ஆண்டு பரீட்சை எழுதியவர்களுக்குத் தெரியும்.

டொலர் குறியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். $ஈ$1 என்று எழுதிவிட்டால் அது எந்தக் காலத்திலும் ஈ1ஐ விட்டு அசையாது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. தாளின் உச்சியில் புதிதாக ஒரு நிரையைச் செருகுங்கள், வீதம் ஈ2க்கு இறங்கும், சூத்திரமும் தானாகவே $ஈ$2 என்று மாறிவிடும். ஆணி நகலெடுப்பதற்கு எதிராக மட்டும்தான் பிடிக்கும். அது நல்லதும்கூட, வீதம் எங்கே போனாலும் சூத்திரம் அதைத் தொடர்ந்து போகிறது. அதேபோல சூத்திரத்தை நகலெடுப்பதும் வெட்டி நகர்த்துவதும் வேறு வேறு. வெட்டி வேறு கலத்தில் ஒட்டினால் டொலர் இல்லாத முகவரிகள்கூட மாறுவதில்லை. இந்த இரண்டும் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் பலர்.

இந்தக் குறி முதலிலிருந்தே இருந்ததா என்று ஒரு பிள்ளை கேட்டது. இல்லை. 1979இல் டான் பிரிக்லினும் பொப் ஃபிராங்ஸ்டனும் அப்பிள் 2 கணினிக்காக விசிகல்க் என்ற விரிதாளைக் கொண்டுவந்தார்கள், 63 நிரலும் 254 நிரையும் மட்டும். அதில் ஒரு சூத்திரத்தை நகலெடுக்கப் போனால் அதிலுள்ள ஒவ்வொரு முகவரியையும் காட்டி, இது மாறாததா சார்ந்ததா என்று கணினியே கேட்கும். பயனாளர் ஒரு எழுத்தைத் தட்டிப் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தரமும் கேட்பது அலுப்புத்தான். 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3இல் பதிலைச் சூத்திரத்துக்குள்ளேயே டொலர் குறியாக எழுதி வைத்துவிடலாம், எஃப்4 விசைக்கு இந்த வேலையைக் கொடுத்ததும் லோட்டஸ்தான். பின்னால் வந்த எக்செல் அந்த வழியையே எடுத்துக்கொண்டது. வசதி கூடியது உண்மை. ஆனால் கற்கிறவருக்கு விசிகல்க்கின் வழி நல்லது என்பது என் எண்ணம். அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லாமல் தப்ப முடியவில்லை. இன்று கேள்வி கேட்கப்படுவதே இல்லை, கேட்காவிட்டால் “சார்பு” என்று எக்செல் தானாகவே முடிவெடுத்துவிடுகிறது.

காரைதீவில் இருந்துகொண்டு கணக்கையும் அட்டவணையையும் பற்றி எழுதும்போது விபுலாநந்த அடிகளை நினைக்காமல் இருக்க முடியாது. 1892இல் இந்த ஊரில் பிறந்தவர், இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அவருடைய யாழ் நூல் அரங்கேறியது, அடுத்த மாதமே அவர் மறைந்தார். பழந்தமிழ் இசையை அலைவெண் கணக்கோடு ஆராய்ந்த நூல் அது, கணக்கெல்லாம் கையால் போட்டது. பிள்ளைகளுக்கு மாறா முகவரியையும் சார்பு முகவரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட அந்த இசைக் கணக்கைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

குரலின் (ச) அலைவெண்ணை பி1இல் 240 என்று எழுதுங்கள். ஏ நிரலில், ஏ4 முதல் கீழே, விகிதங்கள். உழைக்கு (ம) =4/3, இளிக்கு (ப) =3/2, மேல் குரலுக்கு 2. பி நிரலில் =ஏ4*$பி$1 என்று எழுதி இழுத்தால் 320, 360, 480 வரும். எல்லாச் சுரமும் ஒரே குரலைப் பார்த்து நிற்கின்றன, அதனால் ஆணி. பாடுகிறவருக்குச் சுருதி கூட்ட வேண்டுமா? பி1ஐ 256 ஆக்குங்கள், இளி 384க்குப் போகும், மற்றவையும் கூடவே ஏறும்.

இனி இளிக்கு இளி, அந்த இளிக்கு இளி என்று எடுத்துக்கொண்டே போவோம். இப்போது ஒவ்வொரு சுரமும் தனக்கு முந்தியதைத்தான் பார்க்கிறது. வெறும் தாளில் ஏ1இல் 1, ஏ2இல் =ஏ1*3/2. டொலர் குறியே இல்லாமல் ஏ13 வரை கீழே இழுங்கள், பன்னிரண்டு இளி ஆகும். ஏ13இல் 129.746 வரும். ஏழு தானம் (ஸ்தாயி) ஏறினால் குரல் வந்து நிற்க வேண்டிய இடம் 2இன் ஏழாம் அடுக்கு, 128. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் ஒன்றல்ல. அந்தச் சிறு இடைவெளி எங்கே போகிறது என்பது பைதகரஸ் காலத்திலிருந்து இசைக்காரர்களையும் கணக்கர்களையும் அலைக்கழித்த கேள்வி. பழைய $பி$1 பழக்கத்தில் இங்கேயும் ஆணி அடித்திருந்தால் பன்னிரண்டு நிரையிலும் 1.5 என்றே வந்திருக்கும், அந்த இடைவெளி கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கும்.

சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கூட்டல், சராசரி, வரைபு எல்லாம் முடிந்து, நேரம் இருந்தால் பார்ப்போம் என்று இந்தப் பகுதியைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். நகலெடுப்பதைச் சொல்லிக்கொடுக்கும் அதே நாளில் இதையும் சொல்லிக்கொடுங்கள். பரீட்சைக்கு ஒரு பல்தேர்வு வினா என்ற அளவில் நிறுத்தாமல், மேலே சொன்ன நாலு பேரின் சம்பளத்தைப் போட்டு, பிழை வரவிட்டு, ஏன் வந்தது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

கணக்கு வைத்திருக்கும் மற்றவர்களுக்கு: கடையோ, பள்ளிவாசலோ, கோயிலோ, சங்கமோ, உங்கள் தாளை இன்று ஒரு தரம் திறவுங்கள். முதல் நிரையைப் பார்க்க வேண்டாம், அது எப்போதும் சரியாகத்தான் இருக்கும். கடைசி நிரைக்குப் போய், சூத்திரம் உள்ள கலத்தில் நின்று எஃப்2 விசையை அழுத்துங்கள். அந்தச் சூத்திரம் எந்தெந்தக் கலங்களை எடுக்கிறது என்று நிறம் நிறமாகப் பெட்டி போட்டுக் காட்டும். வீதத்தின் மேல் பெட்டி நிற்கிறதா, இல்லை ஒரு வெறும் கலத்தின் மேல் நிற்கிறதா என்று பாருங்கள்.